கணக்குப்பிள்ளை காதில் விழாமல்...

தீப்பிடிக்கும் என்று சொல்லி இன்ஷூரன்ஸ் விற்கலாம். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. 'உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா...' என்று இழுத்து ஆயுள் காப்பீடுகூட விற்றுவிடலாம். வீட்டு ஆச்சி மட்டும் 'வாயைக் கழுவு' என்று முறைப்பார்கள். அப்புறம் அவர்களே காபியும் கொடுப்பார்கள். ஆனால் ஒரு கடைக்குள் நுழைந்து, "அண்ணே, உங்ககிட்ட வேலை பாக்குறவங்களே பணத்தை எடுத்துட்டா என்ன பண்ணுவீங்க?" என்று ஆரம்பித்துப் பாருங்கள். அதுவும், அந்த வேலை பார்க்கிறவரே உங்களுக்கு டீ கிளாஸை நீட்டிக்கொண்டிருக்கும்போது!

நான் ஆரம்பித்தேன். காரைக்குடி செக்காலை ரோட்டில், ஓர் இரும்பு சாமான் கடையில்.

பத்திரிகைக்கு எழுதுகிறவனுக்கு எதற்கய்யா இன்ஷூரன்ஸ் ஏஜென்ஸி என்று கேட்பீர்கள். பத்திரிகைக்கு எழுதுவதால்தான்! அழகப்பா கல்லூரியில் பி.காம். முடித்தபோது நான் பாங்க் ஆபீசர் ஆவேன் என்று அப்பா நம்பினார். ஆடிட்டர் ஆவேன் என்று அம்மா நம்பினாள். எழுத்தாளன் ஆவேன் என்று நான் நம்பினேன். மூன்று பேரும் ஏமாந்ததில் மிஞ்சியது, பரீட்சை எழுதி வாங்கிய ஏஜென்ட் லைசென்ஸ்.

என்னிடம் உள்ள சரக்கு மூன்று. கடையை உடைத்துத் திருடினால் 'பர்க்லரி'. கடைக்கும் பாங்குக்கும் நடுவில் பணப்பையைப் பறித்தால் 'மணி இன்ஷூரன்ஸ்'. சம்பளம் வாங்குகிறவரே கைவைத்துவிட்டால் 'ஃபிடிலிட்டி கியாரண்டி'. இந்த மூன்றாவதை 'விசுவாச உத்தரவாதம்' என்று தமிழ்ப்படுத்திப் பார்த்தேன். ஒரு மளிகைக் கடைக்காரர் அது ஏதோ நாய் சம்பந்தப்பட்ட பாலிசி என்று நினைத்துவிட்டார். அதோடு விட்டுவிட்டேன்.

முதல் சரக்கை விற்பது பெரிய கஷ்டமில்லை. எனக்காகத் திருடர்களே விளம்பரம் செய்துவிடுகிறார்கள். 2019 அக்டோபரில் திருச்சியில் ஒரு பெரிய நகைக்கடையின் சுவரில் துளை போட்டு, பொம்மை முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே போய், சுமார் 13 கோடி ரூபாய் நகையை அள்ளிக்கொண்டு போனார்களே... அந்த வாரம் என் போன் ஓயவில்லை. இரண்டாவது சரக்குக்கும் ஒரு கதை வைத்திருக்கிறேன். 2016 ஆகஸ்டில் சேலத்திலிருந்து சென்னைக்கு வந்த ரயிலின் கூரையில் ஓட்டை போட்டு, ரிசர்வ் வங்கிக்குப் போய்க்கொண்டிருந்த பழைய நோட்டில் 5.78 கோடியை எடுத்துவிட்டார்கள். மூன்றே மாதத்தில் 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு! திருடினவனுக்கு நஷ்டஈடு தரும் பாலிசி எந்தக் கம்பெனியிலும் இல்லை, பாவம்.

விற்கும்போது சிரித்துவிட்டு, கிளைம் வரும்போது அழுவதுதான் இந்தத் தொழில். பர்க்லரி பாலிசியைப் பொறுத்தவரை திருடன் முரடனாக இருக்கவேண்டும். பூட்டை உடைக்கணும், ஓட்டைப் பிரிக்கணும், இல்லை ஆளையாவது மிரட்டணும். சாவி போட்டு நாசூக்காகத் திறந்து, எடுத்துக்கொண்டு, மறுபடி பூட்டிவிட்டுப் போனால் கம்பெனி அவனைத் திருடன் என்று ஒத்துக்கொள்ளாது. கிண்டலுக்குச் சொல்லவில்லை. 2004-இல் ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கிடங்கிலிருந்து மூட்டைகள் போனது உண்மை. ஆனால் பலவந்தமாக நுழைந்ததற்கு அடையாளம் இல்லை. பாலிசியில் எழுதியிருக்கிறபடிதான் பார்க்க முடியும், பணம் கிடையாது என்று தீர்ப்பு. இதை நான் விற்கும்போதே சொல்லிவிடுவது வழக்கம். அதனால்தான் எனக்குக் கமிஷன் குறைவு.

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் போனேன். தேக்குக் கதவு, எனாமல் தூக்குச்சட்டி, பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் குவிந்து கிடந்தது. "பில் வேணும்ண்ணே, வாங்கின விலைக்கு ஆதாரம்" என்றேன். "எங்க அப்பத்தா காலத்துச் சாமானுக்கு யாருப்பா பில் வச்சிருக்கா? ரங்கூனுக்குப் போயி வாங்கிட்டு வா" என்றார். வந்துவிட்டேன்.

இப்போது மறுபடி இரும்புக் கடை. டீ கிளாஸ் என் கையில். கொடுத்தவர் கணக்குப்பிள்ளை. அறுபதை நெருங்குகிறவர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, இவரு 27 வருஷமா இங்க இருக்காரு. என் மக கல்யாணத்துல பந்தக்கால் ஊன்றதுலேர்ந்து பாத்திரம் எண்ணி வைக்கிறது வரைக்கும் இவருதான். இவரையா திருடன்ங்கிறே?"

"ஐயோ, இவரைச் சொல்லலேண்ணே. பொதுவா..."

"கடையில இருக்கறது இவரும் மூணு பொடியனுங்களும்தான். பொதுவான்னா யாரு? நானா?"

அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. பதில் பின்னால் கிடைத்தது. கணக்குப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. தேவையே இல்லாத ஒரு பழைய பேரேட்டைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

இந்த ஊரில் இந்தப் பாலிசி விற்பது எவ்வளவு வேடிக்கை தெரியுமா? சாதாரண ஊரா இது! 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி சென்னையிலும் ரங்கூனிலும் காரைக்குடியிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்தவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸின் கதையைச் சொன்னாலும் அவர் பெயரைச் சொல்லியாகவேண்டும். ஊர் உலகத்துக்கே இன்ஷூரன்ஸ் விற்ற மண்ணில், உள்ளாள் திருட்டுக்கு மட்டும் ஏன் பாலிசி விலைபோகவில்லை?

அவர்கள் தாங்களே ஒரு பாலிசி வைத்திருந்தார்கள், அதனால்தான். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டிக்கடை. முதலாளி இங்கே, கடை கடலுக்கு அந்தப் பக்கம். சம்பளச் சீட்டு எழுதிக்கொடுத்து, மூன்று வருஷத் தவணைக்கு ஏஜெண்டை அனுப்புவார்கள். அவர் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கலாம். போனும் கிடையாது, கேமராவும் கிடையாது. பெட்டியடிப் பையனாகப் போகிறவன் அடுத்தாளாகி, அப்புறம்தான் மேலாள் ஆகமுடியும். ஒவ்வொரு படியிலும் ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருப்பார். கணக்கு ஊருக்கு வந்துகொண்டே இருக்கும். கைவைத்தவனுக்கு என்ன தண்டனை? போலீஸ் அல்ல. வேறு எந்தக் கடையிலும் வேலை இல்லை, அவன் வீட்டுக்குப் பெண் கொடுக்க ஆள் இல்லை. ஒன்பது நகரக் கோயில்களில் எந்தக் கோயில் என்று கேட்டால், அவனுக்கு யார் ஜாமீன் என்று தெரிந்துவிடும். இதைவிட என்னய்யா ஃபிடிலிட்டி கியாரண்டி?

கடைசியில் பர்மாச் சொத்தைக் கொண்டுபோனது அடுத்தாளும் இல்லை, மேலாளும் இல்லை. 1942-இல் வந்த யுத்தம். என் பாலிசிகளில் இன்றைக்கும் யுத்தத்துக்கு விலக்குத்தான்!

சரி, அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்தேன். அப்பா திண்ணையில் இருந்தார். "இன்னிக்கு என்னடா வித்தே?" என்றார். வழக்கமாக 'திருட்டு இன்ஷூரன்ஸ்' என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். மூன்றாவது சரக்கைப்பற்றி அவரிடம் வாய் திறந்ததே இல்லை. காரணம் இருக்கிறது.

என் அப்பாவும் கணக்குப்பிள்ளை. ஒரு ஜவுளிக் கடையில் 22 வருஷம். நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது, ஓர் ஆனி மாதம், கல்லாவில் 14,200 ரூபாய் குறைந்தது. முதலாளி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலையில் அவருடைய அக்கா மகன் வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். அவ்வளவுதான். அப்பா வழக்கம்போலப் போனார், வந்தார். அம்மா மட்டும் ஒரு நாள் தன் வளையல் ஒன்றை எடுத்துக் கொடுத்து, "வித்துக் கட்டிடுங்க, நிம்மதி" என்றாள். "கட்டினா நான் எடுத்தேன்னு ஆயிடும்" என்றார் அப்பா. நாலு மாதம் கழித்து, ஆயுத பூஜைக்கு வைக்கக் கணக்குப் புத்தகங்களைத் துடைக்கும்போது ஒரு பழைய பேரேட்டின் நடுவிலிருந்து வவுச்சர் விழுந்தது. சூரத்திலிருந்து சரக்கு வந்த லாரிக்கு, முதலாளியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பணம். முதலாளி பார்த்தார், "ம்" என்றார். அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வழக்கத்தைவிடப் பத்து அதிரசம் கூட வந்தது. ஸ்டூல் மட்டும் எடுக்கப்படவில்லை. அப்பா அங்கிருந்து ஓய்வு பெறும்வரை கல்லாவைத் தொடவே இல்லை.

அந்த மனுஷரிடம் போய், 'கணக்குப்பிள்ளை திருடினால் பணம் தரும் பாலிசி விற்கிறேன்' என்று எப்படிச் சொல்வது? அன்று சொல்லிவிட்டேன். டீ கிளாஸோடு சேர்த்துச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர், "எப்படிடா தருவான்? முதலாளி சந்தேகம்னு சொன்னா தந்துடுவானா?" என்று கேட்டார்.

"தரமாட்டான்ப்பா. சரக்கு குறையுது, பணம் குறையுதுன்னு மட்டும் சொன்னா நடக்காது. யாரு, எப்ப, எந்த வவுச்சர்னு நிரூபிக்கணும். போலீஸ்ல புகார் கொடுக்கணும். சர்வேயர் வந்து எல்லாக் கணக்கையும் புரட்டுவாரு."

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "ஒரு வாரத்துல அந்த வவுச்சர் கிடைச்சிருக்கும்" என்றார்.

அவ்வளவு நாள் எனக்கு இது தோன்றவே இல்லை. பி.காம். படித்தவன் நான், எட்டாவது படித்தவர் அவர். நான் விற்பது முதலாளிக்கு மட்டும் காவல் என்று நினைத்திருந்தேன். "அங்க போயி ரகசியமாப் பேசாதே. கணக்குப்பிள்ளையைப் பக்கத்துல வச்சுக்கிட்டே பேசு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

அடுத்த வாரம் போனேன். நல்லவேளையாக, பக்கத்துத் தெருவில் ஒரு சம்பவம் நடந்திருந்தது. இப்போதெல்லாம் உடைத்துத் திருடத் தேவையில்லையே! கடை வாசல் க்யூஆர் ஸ்டிக்கர் மேல் தன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகிறான். இல்லையென்றால் முதலாளி போட்டோவை வைத்து, 'மீட்டிங்கில் இருக்கேன், இந்த அக்கவுண்டுக்கு உடனே ரெண்டு லட்சம் போடவும்' என்று கணக்குப்பிள்ளைக்கு வாட்ஸப் அனுப்புகிறான். அங்கே நடந்தது இரண்டாவது வகை. போட்டுவிட்டார். காரைக்குடியில் இரும்பு வியாபாரி, ஜவுளி வியாபாரி எல்லாம் எந்தக் காலத்தில் மீட்டிங்கில் இருந்தார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். (இது என் மூன்று சரக்கிலும் பொதுவாக வராது. உள்ளாளும் திருடவில்லை, கதவும் உடையவில்லை. கமர்ஷியல் கிரைம், சைபர் என்று தனியாக இருக்கிறது. அதிலும் வாசகங்களைப் படித்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.)

அந்தப் பயத்தில் முதலாளி பாரத்தை வாங்கிக்கொண்டார். கேள்விகளைப் பார்த்துவிட்டுக் கணக்குப்பிள்ளையிடமே நீட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். கல்லாச் சாவி யாரிடம்? பாங்க் கணக்கோடு ஒத்துப் பார்ப்பது யார்? முன்னால் நஷ்டம் ஏற்பட்டதுண்டா? எல்லாவற்றுக்கும் முத்து முத்தாக எழுதினார். ஓரிடத்தில் பேனா நின்றது.

"எத்தனை நாளைக்கு ஒருதரம் முதலாளி சொல்லாம வந்து கல்லாவை எண்ணிப் பாக்குறாருன்னு கேட்டிருக்கு. என்ன போட?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"எண்றதில்லே... எடுக்கறதுதான்" என்றார் கணக்குப்பிள்ளை, எழுதாமல்.

காலையில் உண்டியலுக்கு, மத்தியானம் மாப்பிள்ளை காருக்குப் பெட்ரோல், சாயங்காலம் பேத்திக்கு ஐஸ்க்ரீம். ஒன்றுக்கும் சீட்டு கிடையாது. 'பொதுவான்னா யாரு, நானா?' என்ற கேள்விக்கு இதோ பதில்! முதலாளி முகம் சிவந்து, அப்புறம் அவரே சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அவரும் ஐஸ்க்ரீமுக்கு வவுச்சர் எழுதுகிறார் என்று கேள்வி.

கடைசியில் ஒரு கட்டம் பாக்கி. இந்தப் பாலிசியை ஆள் பேரைச் சொல்லியும் எடுக்கலாம், பதவியை மட்டும் சொல்லியும் எடுக்கலாம். நான் அவசரமாக, "பதவிக்கே போட்டுடலாம்ண்ணே. 'கேஷியர்'னு இருந்தாப் போதும். யார் பேரும் வேண்டாம்" என்றேன். பெரிய நாகரிகம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

கணக்குப்பிள்ளை பேனாவை மூடவில்லை. "பதவிக்குன்னா நாற்காலிக்குத்தானே தம்பி கியாரண்டி? என் பேரைப் போடுங்க. 27 வருஷத்துக்கு யாராச்சும் எழுதிக் கொடுக்கட்டும்."

முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. இனிஷியலோடு பேர் ஏறியது. அவரே எழுதினார்.

ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். கமிஷன் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. (கேட்டிருந்தாலும் சொல்லும்படியாக இல்லை.) வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "பாலிசி அச்சாகி வந்ததும் பாரு. கம்பெனிக்காரன் பேரைத் தப்பாப் போட்டுடப் போறான்" என்றார்.