கதவில்லாத ஜீப்பும் அரிமா நோக்கும்

என் மாமனாரின் ஜீப்புக்கு இப்போது கதவுகள் இல்லை. போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டைத் தாண்டி, தார்ச்சாலை முடிந்தபின் இன்னும் இரண்டு கிலோமீட்டர் கற்பாதையில் சென்றால் அவருடைய ஐந்து ஏக்கர் ஏலத்தோட்டம் வரும். அந்தக் கற்பாதையில் கார் ஏறாது. மழையும் மூடுபனியும் விடாது தின்னும் அந்த மலையில் ஜீப்பின் இரும்புக் கதவுகள் அடியிலிருந்து துருப்பிடித்து, கீல்களும் உளுத்து, ஒருநாள் இடப்பக்கக் கதவு கையோடு வந்துவிட்டது. மற்றதையும் கழற்றித் தொழுவத்தில் சாய்த்து வைத்துவிட்டார். ஏறி இறங்க இதுவே வசதி என்று மகிழ்ந்தாரேயொழிய வருந்தவில்லை. ஆனால் பக்கக் கண்ணாடிகள் இரண்டும் அந்தக் கதவுகளில்தான் இருந்தன.

அவருக்கு வயது 74. கழுத்தெலும்புத் தேய்மானத்தால் தலையைத் தோள்வரை திருப்ப இயலாது. பின்னால் பார்க்க வேண்டுமானால் இடுப்போடு திரும்ப வேண்டும். கண்ணாடிகள் போனபின் மூன்று வாரங்கள் அவர் செய்தது இதுதான்: வலக்கையால் முன்கண்ணாடிச் சட்டத்தைப் பற்றிக்கொண்டு, கதவில்லாத வாசல் வழியே பாதி உடம்பை வெளியே சாய்த்துப் பின்னோக்குவது. வண்டி நகர்ந்துகொண்டிருக்கும்போதே. இதை நேரில் கண்ட என் மனைவி ஜீப்பை விற்றுவிடச் சொன்னாள். ஜீப்பை விற்பதென்றால் தோட்டத்தைக் குத்தகைக்கு விடுவதென்று பொருள். மாமா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

நான் கல்லூரியில் இலக்கணம் நடத்துகிறவன். நன்னூல் பாயிரத்தில் சூத்திரநிலையை விளக்கும்போது அரிமா நோக்கு என்ற இடம் வரும். நடந்துகொண்டே முன்னும் பின்னும் பார்க்கும் சிங்கத்தைப் போல, தனக்கு முன்னிருப்பதையும் பின்னிருப்பதையும் ஒருசேர நோக்கி நிற்கும் சூத்திரத்துக்கு அந்தப் பெயர். மாணவர்கள் புரியாமல் விழித்தால் கரும்பலகையில் ஒரு பேருந்தை வரைந்து அதன் கண்ணாடியைக் காட்டுவது என் வழக்கம். (பவணந்தி முனிவர் மன்னிப்பாராக.) சிங்கத்துக்குக் கழுத்து திரும்பும். மாமாவுக்குத் திரும்பாது. எனவே கண்ணாடியை எங்கே பொருத்துவது என்ற கேள்வி என் தலையில் விழுந்தது.

தேடிப் படித்ததில் ஒன்று விளங்கியது. ஜீப் பிறக்கும்போதே கதவில்லாத வண்டி. 1941இல் அமெரிக்கப் படைக்கென்று வில்லிஸ் செய்யத் தொடங்கிய ஜீப்பில் கதவிருக்க வேண்டிய இடம் வெறும் வாசல். பின்னோக்கும் கண்ணாடி ஒன்றே ஒன்று, ஓட்டுநர் பக்கத்தில், உடற்பகுதியிலிருந்து நீளும் ஒரு கையில் இருந்தது. அதாவது கண்ணாடி அன்று வண்டிக்குச் சொந்தம்; கதவுக்கு அன்று. இரும்புக் கதவு பின்னால் வந்து கண்ணாடியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. இன்றும் அமெரிக்காவில் ராங்ளர் ஜீப் வைத்திருப்போர் கோடையில் கதவுகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு ஓட்டுகிறார்கள். வண்டியே அதற்கேற்பச் செய்யப்பட்டது. அங்கும் கதவோடு கண்ணாடி போய்விடுவதால், காலியாக நிற்கும் கீலில் செருகுவதற்கென்றே தனிக் கண்ணாடிகள் விற்கின்றன.

நம் நாட்டில் சட்டத்தையும் பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. ஆனால் மாமாவின் மகிந்திரா ஜீப் ஆலையிலிருந்து வந்தபோது அதற்குத் துணிக்கூரையும் துணிக்கதவும்தான். இரும்புக் கதவு முந்தைய உரிமையாளர் போட்ட ஒட்டு. பதிப்பாசிரியர் மொழியில் சொன்னால், கழற்றப்பட்டது இடைச்செருகல். மூலபாடம் அப்படியே இருக்கிறது.

போடியில் ஒரு பட்டறைக்காரரிடம் கொண்டு சென்றோம். நடு வயது, அதிகம் பேசாதவர். கீல்கள் உளுத்துவிட்டதால் ராங்ளர் வழி இங்கே செல்லாது. மிஞ்சியது முன்கண்ணாடிச் சட்டம். ஜீப்பின் முன்கண்ணாடியை முன்னோக்கி மடக்கலாம். அதற்காக அடியில் இரு பக்கமும் இரண்டு கீல்கள் உண்டு. அந்தக் கீலின் போல்ட்டைக் கழற்றி, சற்றே நீளமான போல்ட்டைப் போட்டு, இடையில் ஒரு தகட்டைக் கொடுத்து, அதிலிருந்து கண்ணாடியின் கையை நீட்டலாம். "ரெண்டு பக்கமும் ஒண்ணாக் கழட்டப்படாது சார், சட்டம் ஒதுங்கிரும்" என்று அவர் ஒரு பக்கத்தை முடித்த பின்பே மறு பக்கத்தைத் தொட்டார்.

எவ்வளவு நீளமான கை வேண்டும் என்பதில்தான் நேரம் போயிற்று. பின்னால் துணிக்கூரை காற்றில் உப்பி உடலைவிடப் புடைத்து நிற்கும். கண்ணாடி அதற்கும் வெளியே நின்றால்தான் பாதை தெரியும். ஆனால் கை நீள நீள நடுக்கம் மிகும். டீசல் எஞ்சினின் அதிர்வு சட்டத்தில் ஏறி, கையின் நுனியில் பன்மடங்காகிறது. முதலில் மாட்டிய ஒற்றைக் கம்பியில் பின்னால் நின்ற டீக்கடை நான்கு டீக்கடைகளாகத் தெரிந்தது. அதிர்வைத் தணிக்க ரப்பர் வாசர் கொடுக்கலாமே என்றேன். அவர் மறுக்காமல் கொடுத்துக் காட்டினார், ஆட்டம் கூடியது. பிறகு லாரிகளில் இருப்பதுபோல் கம்பியை வளைத்து, இரு முனைகளையும் சட்டத்தில் மேலொன்று கீழொன்றாக முடுக்கினார். முக்கோணம் அமைந்ததும் டீக்கடை ஒன்றானது.

கண்ணாடியிலும் தேர்வு உண்டு. தட்டைக் கண்ணாடி தொலைவை மெய்யாகக் காட்டும், ஆனால் குறுகிய பரப்பு. குவிந்த கண்ணாடி அகலமாகக் காட்டும், ஆனால் எல்லாவற்றையும் சிறிதாக்கித் தள்ளி வைக்கும். வலப்பக்கம் தட்டையும், பள்ளத்தின் விளிம்பு வரும் இடப்பக்கம் குவிந்ததும் வைத்தோம். இரண்டையும் முன்கண்ணாடிக்குள்ளாக அன்றி வாசல் வழியே பார்க்கும்படி சற்றே பின்தள்ளி அமைக்கச் சொன்னவர் மாமா. மழையில் வைப்பர் துடைக்காத மூலை வழியே பார்த்து என்ன பயன் என்றார். அவர் சொன்னது சரி.

தோட்டத்தில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் முன்னால் இருக்கும் சமதரையில் சோதித்தோம். மாமா இருக்கையில் அமர்ந்திருக்க நான் பின்னால் நடந்தேன். "தெரியுறீங்க மாப்பிள்ளை… தெரியுறீங்க…" பின்பு மௌனம். வண்டியின் பின்புறம் நான்கு எட்டு வைத்த இடத்தில் நான் இரண்டு கண்ணாடியிலிருந்தும் மறைந்துபோயிருந்தேன். கைகளை விரித்து ஆட்டினேன், பயனில்லை. நடுக்கண்ணாடி இருக்கிறது, ஆனால் துணிக்கூரையின் பின்ஜன்னல் பிளாஸ்டிக் எப்போதோ மஞ்சளித்துவிட்டது. களையெடுக்கும் பெண்கள் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு இளைப்பாற நிற்பது அந்த இடத்தில்தான். என் மனைவி ஒன்றும் சொல்லாமல் அங்கே ஒரு கல்லைத் தூக்கி வைத்தாள்.

அப்போது அங்கே நின்ற பெண்களில் மூத்தவர் சொன்னார்: "சார், இங்கன நின்னா கண்ணாடியில மொதலாளி கண்ணு தெரியுது. கல்லுக்கிட்டப் போனாத் தெரியல." இயற்பியல் பாடமாகவே அது சரி. ஒளி வந்த வழியே திரும்பும். கண்ணாடியில் ஓட்டுகிறவரின் கண் நமக்குத் தெரிந்தால் நாமும் அவருக்குத் தெரிவோம். மதியத்துக்குள் அதுவே தோட்டத்தில் சட்டமாகிவிட்டது. பெண்கள் ஒருவரையொருவர் "கண்ணு தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டுதான் வண்டிக்குப் பின்னால் போகிறார்கள்.

ஆயினும் வீட்டில் பேச்சு முடியவில்லை. மேட்டிலிருந்து தோட்டம்வரை கற்பாதையை மட்டும் அவர் ஓட்டட்டும், 17 வளைவுகளுக்கும் ஓட்டுநர் ஒருவரை வைக்கலாம் என்றாள் மகள். மாமா வெகுநேரம் வலப்பக்கக் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "இந்த வருஷக் காய்ப்பு முடியட்டும்" என்றார். அது ஒப்புதலா மறுப்பா என்பதில் எனக்கும் மனைவிக்கும் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. இடக்கண்ணாடியின் பந்துமூட்டு மறுபடி தளர்ந்திருக்கிறதாம். சனிக்கிழமை ஸ்பேனரோடு வரச் சொல்லியிருக்கிறார்.