ஒரு காலின் பூர்வீகம்

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஷெல்லுக்கும் விமானக் குண்டுக்கும் அஞ்சி, உடுத்த துணியோடும் கையில் அகப்பட்ட பாத்திர பண்டங்களோடும் காங்கேசன்துறையை விட்டு வெளியேறிய ஜனங்கள், மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம்களில் ஒரு தலைமுறைக் காலத்தைக் கழித்த பின்னர், காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது திரும்பி வரத் தொடங்கினார்கள். 2015 ஜனவரி 2ஆம் திகதி புகையிரதமும், ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, எங்கள் நிலையத்தில் வந்து நின்றது. அவ்வாறு திரும்பி வந்தவர்களுள் சிலர், போகும்போது தம்மோடு இருந்த காலை இழந்து, அதற்கு ஈடாக வேறொரு காலை அணிந்துகொண்டு வந்தார்கள். அந்தக் கால் எங்கே பிறந்தது, எந்தக் கைகளின் வழியாக எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது என்பதை அறியவேண்டும் என்ற ஆவலே இந்தத் தேடலுக்குக் காரணம்.

எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் பெரியவர் ஒருவர், மிதிவெடியில் முழங்காலுக்குக் கீழே இடது காலை இழந்தவர், ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாவிட்டபுரத்துக் கந்தன் கீரிமலைக்கு எழுந்தருளும் நாளில், மேற்சட்டையின்றி, வேட்டியும் சால்வையுமாக, வெறுங்காலோடு சனத்தோடு சனமாக நடந்து போவதை நான் பல வருஷங்களாகக் கண்டிருக்கிறேன். ஒரு நாள் அவர் வீட்டுத் திண்ணையில் இருந்தபோது, கழற்றி வைத்திருந்த அந்தக் காலைக் கையில் எடுத்துப் பார்க்கும் அனுமதி எனக்குக் கிடைத்தது. ஐந்து விரல்களும் தனித்தனியே தெரியும்படி வார்க்கப்பட்ட பாதம். பெருவிரலில் நகத்தின் அடையாளம்கூட இருந்தது. மண்ணிற ரப்பர், குதிப்பக்கத்தில் தேய்ந்து கறுத்து, ஓரத்தில் செம்பாட்டு மண் ஏறியிருந்தது. பாதத்தின் முன்பாகத்தை அமுக்கினால் சற்றே வளைந்து கொடுத்தது. கணுக்காலைத் திருப்பினால் அதுவும் கொஞ்சம் இசைந்து திரும்பியது.

“ஐயா, உந்தக் கால் எங்கை செய்தது?” என்று கேட்டேன்.

“யாழ்ப்பாணத்திலைதான், ஜெய்ப்பூர் நிறுவனத்திலை. கால் தந்தது ஆர் எண்டு எல்லாரும் கேக்கினம் தம்பி, நடக்கப் பழக்கினது ஆர் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை” என்றார்.

அவர் சொன்ன நிறுவனம், ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிலையம் என்ற பெயரோடு யாழ்ப்பாண நகரில் இயங்கும் இலாப நோக்கமற்ற தர்ம ஸ்தாபனம். ஆயினும், ராஜஸ்தானத்துத் தலைநகரின் பெயர் எங்கள் நகரத்துப் பெயர்ப்பலகையில் ஏறியது எப்படி என்ற கேள்விக்கு விடை காண, நான் முதலில் ஜெய்ப்பூரின் கதையைத் தேடிப் படிக்க வேண்டியதாயிற்று.

ஜெய்ப்பூரின் சவாய் மான்சிங் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வைத்தியராக இருந்த பி. கே. சேத்தியும், அதே ஆஸ்பத்திரியில் நோயாளருக்குக் கைத்தொழில் பயிற்றிய ராம் சந்திர சர்மா என்ற சிற்பியும், வேறு சில வைத்தியர்களும் சேர்ந்து 1968ஆம் ஆண்டளவில் உருவாக்கிய சாதனமே ஜெய்ப்பூர்க் கால். சிற்ப வேலையைக் குலத்தொழிலாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தவரும், நாலாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவருமான சர்மா, கால் இழந்தவர்கள் ஆஸ்பத்திரியில் மேல்நாட்டுப் பாணிச் செயற்கைக் கால்களோடு படும் அவஸ்தையைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கால்கள் சப்பாத்துக்குள் நுழைப்பதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றின் கணு வளையாது. அணிந்தவர் நிலத்தில் சம்மணமிட்டு இருக்கவோ, குந்தி இருக்கவோ, வயலின் சேற்றில் இறங்கவோ இயலாது. சைக்கிள் திருத்தும் கடையொன்றில் டயருக்கு ரப்பர் ஒட்டிச் சூடேற்றுவதைக் கண்டபோதுதான், அந்த ரப்பரிலேயே ஒரு பாதத்தை வார்த்துவிடலாம் என்ற எண்ணம் சர்மாவுக்கு உதித்ததாகச் சொல்வார்கள். குதிக்கும் விரல்பகுதிக்கும் மென்ரப்பர்த் துண்டுகள், கணுவுக்கு ஒரு மரக்கட்டை, இவற்றைச் சுற்றி டயர் நாரும் ரப்பர்த் தகடும், எல்லாவற்றையும் அச்சுக்குள் இட்டு வேகவைத்தால் ஒரு பாதம்: அதன் அமைப்பு இவ்வளவுதான்.

இவ்விடத்தில் நான் சிறிது நின்று யோசித்தேன். கோவிலுக்கு வெறுங்காலோடு போகிற, பந்தியில் நிலத்தில் இருந்து உண்கிற, மழைக்காலத்தில் வயலில் இறங்குகிற ஒரு ஜன சமூகத்துக்கு, சப்பாத்து இல்லாமல் நடக்க முடியாத கால் என்பது பாதிக் கால்தான். மாவிட்டபுரத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற சுதந்திரம் மருத்துவப் புத்தகங்களில் ஒரு பெரிய விஷயமாக எழுதப்பட்டிராது. எங்கள் பெரியவருக்கோ அதுவே முழு விஷயமும்.

ஆனால், கண்டுபிடிப்பு ஒன்று. அது ஜனங்களைச் சென்றடைவது வேறொன்று. முதல் ஏழு ஆண்டுகளில் இந்தக் காலைப் பெற்றவர்கள் ஏறக்குறைய ஐம்பது பேரே என்பதைப் படித்தபோது வியப்புற்றேன். தாமே ஒரு வாகன விபத்தில் காலை இழக்கும் நிலைக்குப் போய் மீண்ட அரசாங்க உத்தியோகத்தரான டி. ஆர். மேத்தா, 1975ஆம் ஆண்டில் பகவான் மகாவீர் விகலாங் சகாயதா சமிதி என்ற தர்ம ஸ்தாபனத்தை நிறுவி, ஏழைகளுக்கு இலவசமாகவே கால் வழங்குவது என்ற நியதியை வகுத்த பின்னர்தான், அந்த எண்ணிக்கை ஆயிரங்களாகவும் பின்னர் இலட்சங்களாகவும் பெருகியது. சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. அதே 1981இல் தமிழ்நாட்டில் பஸ் விபத்தொன்றில் சிக்கி வலது காலை இழந்த நடன மணி சுதா சந்திரன், ஜெய்ப்பூர்க் காலை அணிந்து மீண்டும் அரங்கேறி ஆடியதும், அவர் கதையைச் சொன்ன ‘மயூரி’ திரைப்படத்தில் அவரே நடித்ததும், நம்மவர் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

ஜெய்ப்பூரிலிருந்து இந்த வித்தை இலங்கைக்கு வந்த வழி கொழும்பு. 1831ஆம் ஆண்டு முதல் கொழும்பில் இயங்கிவரும் பிரெண்ட்-இன்-நீட் சொசைட்டி என்ற பழைய தர்ம சங்கம், 1985இல் ஜெய்ப்பூர்க் கால் செய்து வழங்கும் பணியைத் தொடங்கிற்று. இரண்டு ஆண்டுகள் சென்று, 1987இல், அதன் கிளையாக யாழ்ப்பாணத்தில் பிறந்ததுதான் நான் தேடிச் சென்ற நிலையம்.

1987 என்ற அந்த ஆண்டை யாழ்ப்பாணத்தார் எவரும் இலகுவில் கடந்து போக மாட்டார்கள். மே, ஜூன் மாதங்களில் வடமராட்சியில் பெரும் படை நடவடிக்கை; ஜூலை 29இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம்; அடுத்த நாட்களில் அமைதி காக்கவென்று இந்தியப் படையின் வருகை; அக்டோபரில் அதே படையோடு யுத்தம். அக்டோபர் 21ஆம் திகதி, தீபாவளி நாளன்று, யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குள் அப்படையினர் புகுந்து சுட்டதில், வைத்தியர்களும் தாதியரும் ஊழியரும் நோயாளருமாக அறுபது பேருக்கு மேல் மாண்டார்கள். எந்த நாட்டின் துப்பாக்கிகள் அன்று அந்த விறாந்தைகளில் முழங்கினவோ, அந்த நாட்டின் ஒரு மூலையில் நாலாம் வகுப்புப் படித்த சிற்பி ஒருவர் வார்த்த பாதத்தை அடையாளமாகக் கொண்டு, அதே நகரத்தில், அதே ஆண்டில், ஒரு சிகிச்சை நிலையம் எழுந்தது என்பதை நான் பலதடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு தேசத்தை ஒரே சொல்லால் புகழவோ வையவோ அதன்பின் எனக்கு மனம் வந்ததில்லை.

தேடலை இத்தோடு முடித்திருக்கலாம். எனினும், கொழும்புச் சங்கத்தின் பெயரை வேறெங்கோ படித்த ஞாபகம் என்னை விடவில்லை. பழைய யாழ்ப்பாணத்து மருத்துவ சரித்திரத்தைப் புரட்டியபோது அது தெளிவாயிற்று. நாம் பெரியாஸ்பத்திரி என்று இன்று அழைக்கும் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை, 1850ஆம் ஆண்டில், வட மாகாணத்தின் அரசாங்க அதிபராயிருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக் அவர்களின் முயற்சியால், பிரெண்ட்-இன்-நீட் சொசைட்டியின் ஆஸ்பத்திரியாகவே ஆரம்பமாயிற்று. ஊரார் கொடுத்த சந்தாவும் நன்கொடையும் அதைத் தாங்கி நின்றன. அரசாங்கம் அதைப் பொறுப்பேற்றது 1907ஆம் ஆண்டில்தான். மானிப்பாயில் இருந்து மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே போதித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் காலமும் அந்த ஆஸ்பத்திரி ஆரம்பமான காலமே. ‘அங்காதிபாதம்’ என்றும் ‘இரண வைத்தியம்’ என்றும் உடற்கூற்றையும் சத்திர சிகிச்சையையும் தமிழ் நூல்களாக்கிய அவருடைய முயற்சியைப் பற்றி எழுதத் தொடங்கினால் அது தனிக் கட்டுரையாகிவிடும்.

நான் கருதுவது இதுதான்: காயம்பட்டவனையும் ஆதரவற்ற நோயாளியையும் பராமரிக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எந்தப் பெயரில் யாழ்ப்பாணத்தில் ஒரு சங்கம் கூடியதோ, அரசாங்கத்தின் கைக்கு ஆஸ்பத்திரி மாறி எண்பது ஆண்டுகள் கழிந்தபின், அதே பெயரைத் தாங்கிக்கொண்டு, கால் இழந்தவனுக்குக் கால் கொடுக்க அந்தக் கைங்கரியம் மறுபடியும் அதே நகரத்துக்கு வந்தது. யுத்தம் வந்ததால் வெளிநாட்டார் வந்து போட்டுவிட்டுப் போன உதவி இது என்று எண்ணுகிறவர்கள் இந்த வேரை அறிய வேண்டும். யுத்தத்துக்கு முன்னும் இந்தப் பரம்பரை அறுபட்டிருந்ததில்லை. கண்பார்வையோ செவிப்புலனோ அற்ற பிள்ளைகளுக்காகக் கைதடியில் நவீல்ட் பாடசாலை 1956ஆம் ஆண்டு முதல் நடந்துவருகிறது.

இனி நிலையத்துக்குள் போவோம். 1999ஆம் ஆண்டு முதல் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவி இதற்குக் கிடைத்துவந்திருக்கிறது. தகரவேலைக்காரரைப் போல அலுமினியத் தகட்டைத் தட்டித் தட்டிக் காலின் உறையை உருவாக்கிய பழைய ஜெய்ப்பூர் முறைக்குப் பதிலாக, அச்சங்கம் பல நாடுகளில் கையாளும் பொலிப்புரொப்பிலீன் முறை இங்கும் வந்தது. எஞ்சிய காலின்மேல் ஈரமான பரிசுச்சாந்துத் துணியைச் சுற்றி அச்சு எடுக்கிறார்கள். அந்த அச்சுக்குள் சாந்தை ஊற்றி, அதே காலின் வெள்ளைப் பிரதிமையை வார்க்கிறார்கள். எலும்பு முட்டுகிற இடத்தில் சாந்தை அப்பியும், பாரம் தாங்கவேண்டிய இடத்தில் அராவியும் அதைச் சீர் செய்கிறார்கள். பிறகு அடுப்பில் இளகிய பொலிப்புரொப்பிலீன் தகட்டை அதன்மேல் போர்த்திக் காற்றை உறிஞ்சி எடுக்க, தகடு பிரதிமையோடு ஒட்டி உறையாகிவிடுகிறது. தொழிற்கூடத்தின் நிலம் முழுவதும் வெண்தூள். அராவுகிறவர் அடிக்கடி கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்க்கிறார். அரை நூல் அளவு பிசகினாலும் தோல் புண்படும் என்று அவர் சொன்னார்.

அதற்கு அடுத்த அறையில்தான், பெரியவர் சொன்னதன் அர்த்தம் எனக்குப் புலப்பட்டது. இடுப்பளவு உயரத்தில் இரண்டு சமாந்தரக் கம்பிகள். அவற்றின் முடிவில் ஆளுயரக் கண்ணாடி. புதுக் கால் அணிந்த ஒருவர் கம்பிகளைப் பிடித்து நிற்க, இயன்மருத்துவர் அவரை நடக்கச் சொல்லவில்லை, நிற்கவே சொன்னார். பாரத்தை நல்ல காலிலிருந்து புதுக் காலுக்கு மாற்று, திரும்பவும் மாற்று என்று வெகுநேரம் அதையே செய்வித்தார். இல்லாத பாதத்தில் வலி எடுப்பதாக அவர் முறையிட்டபோது, அது பொய் வலியல்ல, நரம்பு இன்னும் அந்தக் காலை மறக்கவில்லை என்று விளக்கினார். அதன்பின் ஒரு அடி. அடுத்த கட்டத்தில் ஒரு கம்பி. பின்னர் ஊன்றுகோல், படி, சாய்வு, மணல். விழுந்தால் எப்படி எழும்புவது என்பதற்கும் தனிப் பாடம் உண்டு. கால் செய்வதற்குச் சில தினங்கள் போதும். அதைத் தன் காலாக்கிக்கொள்ள வாரங்களும் மாதங்களும் வேண்டும். மூளைவாதத்தோடு பிறந்த குழந்தைகளுக்கு உடற்பயிற்சி, பக்கவாதத்தால் படுத்தவர்களுக்குச் சிகிச்சை, சக்கர நாற்காலி, சுயதொழிலுக்குக் கடன் என்று பணி பின்னர் விரிந்ததும், இந்த அறையின் தர்க்கத்திலிருந்து வந்ததே. நடக்கத் தெரிந்தவனுக்குப் போக ஓர் இடமும் செய்ய ஒரு தொழிலும் வேண்டுமல்லவா!

யுத்தம் 2009இல் முடிந்துவிட்டது. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை ஒப்பந்தத்திலும் இணைந்துகொண்டது. அதனால் இந்த நிலையத்தின் தேவை தீர்ந்துவிட்டதென்று நினைப்பது பெரும் பிசகு. ஒரு செயற்கைக் கால் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரையே உழைக்கும்; வளரும் பிள்ளைக்கு அதனிலும் விரைவில் மாற்ற வேண்டும். 1990களில் இருபது வயதில் காலை இழந்த ஒருவருக்கு ஆயுள் முழுவதற்கும் பத்துக் கால்களுக்குக் குறையாமல் வேண்டியிருக்கும். போதாததற்கு, வெடி செய்த வேலையை இப்போது நீரிழிவு செய்துகொண்டிருக்கிறது. காலில் ஒரு சிறு புண்ணை அசட்டை செய்து, விரலையும் பிறகு பாதத்தையும் பறிகொடுக்கிறவர்கள் எங்கள் ஊர்களிலேயே இருக்கிறார்கள். அவர்களுட் பலர், சனம் என்ன சொல்லுமோ என்று கூசி, வீட்டின் பின்னறையில் கதிரையோடு முடங்கிவிடுகிறார்கள். வெளிநாடுகளில் வாழும் எம்மவர், ஊர்க் கோவில்களுக்குக் கோபுரம் எழுப்பக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை, அந்தக் கோவில் வீதியில் வெறுங்காலோடு நடக்க விரும்புகிறவனுக்கும் ஒதுக்க வேண்டும். ஊரில் இருப்பவர்கள், தம் வீட்டிலோ அயலிலோ அப்படி முடங்கிக் கிடப்பவர் எவரேனும் இருந்தால், தாமதியாமல் ஓர் ஓட்டோ பிடித்து அவரை யாழ்ப்பாணத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.