தொண்ணூறு நாள் படிப்பு

நெய்வேலி அருகே மந்தாரக்குப்பத்தைத் தாண்டி உள்ளே திரும்பினால் கொஞ்ச தூரத்தில் தார் தீர்ந்து செம்மண் பாதை. ஒரு பக்கம் முந்திரித் தோப்பு, எதிரே சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டிய மேல்மண் மலைபோல் நிற்கிறது. முன்னால் ஒரு பைக், அடுத்து ஒரு ஸ்கூட்டி, கடைசியில் நான். பைக்கின் பக்கவாட்டில் பால் கேன் போல ஓர் அலுமினியக் குடுவை. பள்ளம் வரும்போதெல்லாம் பைக்காரர் வண்டியை உருட்டாத குறையாக ஓட்டினார். பாலாக இருந்தால் இவ்வளவு பயம் வேண்டாம். உள்ளே இருப்பது மைனஸ் 196 டிகிரி குளிரில் திரவ நைட்ரஜன். அதில் மூழ்கிக் கிடக்கின்றன உறைவிந்துக் குச்சிகள்.

மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர் அவர். ஊரில் சிலருக்கு ‘டாக்டர்’, வயசானவர்களுக்கு ‘கம்பவுண்டர் தம்பி’. “டாக்டர் இல்லைன்னு சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு சார்” என்றார். ஸ்கூட்டியில் வந்தது அவரிடம் களப்பயிற்சிக்கு வந்திருக்கும் பெண். ப்ளஸ் டூவில் உயிரியல் படித்தவள். 2014-இல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய கோகுல் மிஷனில் இவர்களைப் போன்றவர்களை உருவாக்கும் திட்டத்துக்கு ‘மைத்ரி’ என்று பெயர். 30 நாள் வகுப்பு, 60 நாள் களம். மொத்தப் படிப்பே அவ்வளவுதான்.

முதல் வீட்டில் கொட்டகைக்கு வெளியே ஒரு கலப்பின ஜெர்சி கட்டியிருந்தது.

“நேத்து சாயங்காலத்துலேர்ந்து கத்திக்கிட்டே கெடக்குது தம்பி. தீனியும் எடுக்கல” என்றார் வீட்டுக்கார அம்மா.

அவர் பதில் சொல்லவில்லை, பெண்ணைப் பார்த்தார். அவள் மாட்டின் பின்பக்கம் போய் வாலை விலக்கினாள். “வழும்பு கண்ணாடி மாதிரி இருக்கு சார். அறுபடாம தொங்குது. இப்பவே போடலாம்.”

காலையில் கத்தினால் சாயங்காலம், சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை. இந்தத் தொழிலின் முதல் வாய்ப்பாடு இது. நேரம் தப்பினால் மறுபடி பருவத்துக்கு வர ஏறக்குறைய 21 நாள் காத்திருக்க வேண்டும். அத்தனை நாள் தீவனச் செலவும் வீட்டுக்காரர் தலையில்தான்.

குடுவையைத் திறந்ததும் வெண்புகை வழிந்தது. குச்சிகள் இருந்த குவளையைக் குடுவையின் கழுத்துக்கு மேலே தூக்காமல், இடுக்கியால் ஒன்றை மட்டும் எடுத்து ஃபிளாஸ்க்கில் இருந்த வெந்நீரில் போட்டாள். நீரின் சூடு 37 டிகிரி. வெப்பமானி வைத்துப் பார்த்திருந்தாள். முப்பது விநாடியை வாய்விட்டு எண்ணினாள். துடைத்து, நுனியை நேராக வெட்டி, ‘கன்’ என்று இவர்கள் சொல்லும் நீளக் கம்பியில் பொருத்தினாள். கோணலாக வெட்டினால் மருந்து பின்னால் கசிந்துவிடுமாம். குச்சியில் இருப்பதே கால் மில்லிதான்.

அடுத்தது கண்ணுக்கு வேலையில்லாத இடம். தோள்வரை உறை மாட்டிய இடது கை ஆசனவாய் வழியே போகிறது. குடல் சுவருக்குக் கீழே கருப்பை வாயைத் தடவிக் கண்டுபிடித்துப் பிடிக்க வேண்டும். கோழிக் கழுத்தைப் பிடித்த மாதிரி இருக்கும் என்றார் அவர். அதனுள்ளே மூன்று நான்கு வளையங்கள். வலது கையிலிருக்கும் கன் அவற்றைக் கடந்து, கருப்பைக்குள் நுழைந்த இடத்திலேயே நிற்க வேண்டும். முன்னமே விட்டாலும் வீண், அதிகம் உள்ளே தள்ளினால் புண்.

வகுப்பில் இதை இறைச்சிக்கூடத்திலிருந்து வந்த கருப்பைகளை மேசைமேல் வைத்துப் பழகியிருக்கிறாள். மேசை நகராது, சாணி போடாது, உதைக்காது. இந்த மாடு மூன்றையும் செய்தது. இரண்டு நிமிடம் ஆனது. அவள் நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. கன்னை அவர் வாங்கிவிடுவார் என்று நினைத்தேன். கை நீட்டவில்லை. “கன்ன வச்சுத் தேடாத. வளையத்தக் கொண்டாந்து கன்னுல மாட்டு” என்றார், அவ்வளவுதான். சட்டென்று அவள் முகம் தெளிந்தது. எனக்குத் தெரிந்தது அந்த முகம் மட்டும்தான்.

பிறகு மாட்டின் காதிலிருந்த மஞ்சள் தோட்டின் 12 இலக்க எண்ணைப் போனில் ஏற்றினாள். வீட்டுக்குள் போய், சுவரிலிருந்த காலண்டரில் 21-ஆம் நாளை வட்டமிட்டாள். “அன்னிக்குக் கத்தலன்னா மூணாம் மாசம் சினை பார்க்க வரேம்மா.” பிடித்திருந்தால் சுமார் 280 நாளில் கன்று.

இவர்கள் எதுவரை போகலாம் என்பதற்குச் சட்டம் இருக்கிறது. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, வைத்தியம் செய்யும் உரிமை பதிவு பெற்ற மருத்துவருக்குத்தான். தடுப்பூசி, காயத்துக்குக் கட்டு, காயடித்தல் போன்ற சிறு பணிகளை, மாநில அரசின் அனுமதியோடும் மருத்துவரின் மேற்பார்வையோடும் சான்றிதழ் பெற்றவர்கள் செய்யலாம். அந்தக் கோட்டின் அருமை எனக்குத் தெரியும். சிறுவயதில் எங்கள் வீட்டுப் பசு கன்று போட்டு இளங்கொடி விழாமல் நின்றது. கைவைத்தியம் தெரிந்தவர் என்று ஒருவரைக் கூட்டிவந்தோம். வெறுங்கையால் இழுத்தார். நாலாம் நாள் பசுவைப் புதைத்தோம். அவருக்கும்கூட அது ஆபத்துதான் என்பது பின்னால்தான் தெரிந்தது: கருச்சிதைவு நோயான புருசெல்லோசிஸ் அந்தக் கொடி வழியே மனிதருக்கும் தொற்றும், விட்டுவிட்டு வரும் காய்ச்சலாக மாதக்கணக்கில் வாட்டும். கையுறை மாட்டுவதையும், ‘இது என் வேலையில்லை, டாக்டரைக் கூப்பிடுங்கள்’ என்று சொல்வதையும் படிப்புதான் கற்றுத்தர வேண்டும்.

நெய்வேலிக்குப் படிப்பின் மதிப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்து, 1957-இல் மண் வெட்டத் தொடங்கி, 1962-இல் மின்சாரம் கண்ட ஊர் இது. ஏர் பிடித்த வீட்டுப் பிள்ளைகளைப் பழக்கித்தான் ராட்சதச் சக்கர இயந்திரங்களில் ஏற்றினார்கள். அதே 1962 இன்று மாட்டு ஆம்புலன்ஸை அழைக்கும் போன் எண். எண் வந்துவிட்டது, வண்டியில் வருகிறவரின் கைக்கு எவ்வளவு படிப்பு கொடுத்திருக்கிறோம்? ஆந்திரத்தில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கீழ் பாலிடெக்னிக்குகள் நடக்கின்றன; பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு இரண்டு ஆண்டு டிப்ளமோ. கறவை மாட்டை நம்பிப் பிழைக்கும் கடலூர் மாவட்டத்துக்கும் அப்படியொரு முழுநேரப் படிப்பு வேண்டும். முடித்து வருகிறவருக்கு ஊசிக்கு இவ்வளவு என்ற கூலி போதாது. மாதச் சம்பளமும் வேண்டும். மாட்டைக் காட்டுகிற நாமும் ஒன்று செய்யலாம்: வருகிறவரிடம் சான்றிதழ் கேட்போம், மாடு எப்போது கத்தத் தொடங்கியது என்று நேரத்தைச் சரியாகச் சொல்வோம்.

அன்று மதியத்துக்குள் நான்கு மாடுகள். இரண்டுக்கு அவர் போட்டார், இரண்டுக்கு அவள். அவளுடைய பயிற்சியில் இன்னும் 22 நாள் பாக்கி.