மட் மட்டும் போதும்!

பொட்டி தட்டுற நம்ம கூட்டத்துக்கு பாதி ஆணி மெயில்லதான் ஆரம்பிக்குது. நான் அதுக்கு வச்சிருக்கிறது மட். 1995-ல் மைக்கேல் எல்கின்ஸ் எழுதின மென்பொருள். பட்டனும் கிடையாது, படமும் கிடையாது, கறுப்புத் திரையில வெறும் எழுத்துதான். பக்கத்து சீட்டு நண்பன் எட்டிப் பார்த்துட்டு, "என்னடா, ரயில்வே ரிசர்வேஷன் கவுன்ட்டரா?"ன்னான். சொல்லிட்டுப் போகட்டும்.

எனக்கு இது பிடிச்சதுக்குக் காரணம், பழைய மடல்களை ஒதுக்கி வைக்கிற வசதி. ஆபீஸ், டிக்கெட், கரண்ட் பில்னு இருபது ஃபோல்டர் போட்டா ஒவ்வொரு மடலுக்கும் 'இது எங்க போகும்'னு யோசிக்கணும். யோசிக்க வேண்டியிருந்தாலே நாளைக்குப் பாத்துக்கலாம்னு தோணிடும். அதனால வருஷத்துக்கு ஒரே ஃபோல்டர். ஒரு எழுத்தைத் தட்டினா மடல் அங்க போற மாதிரி ஒரு மேக்ரோ. ஜனவரி வந்தா அமைப்புக் கோப்புல வருஷத்தை மாத்தணும், அவ்ளோதான்.

மாசத்துக்கு ஒரு தடவை பெருக்கல். பெரிய எழுத்து டி தட்டி, 'மூணு மாசத்துக்கு மேல ஆனது, கொடி போடாதது'ன்னு நிபந்தனை கொடுத்தா அத்தனைக்கும் குறி விழும். அப்புறம் அரைப்புள்ளி, எஸ், ஃபோல்டர் பேரு. மொத்தமும் நகர்ந்துடும்.

சேமிக்கிற முறை மெயில்டிர். எம்பாக்ஸ்ல எல்லா மடலும் ஒரே கோப்பு. நடுவுல ஒண்ணை அழிச்சா கோப்பைத் திருப்பி எழுதணும். மெயில்டிர்ல மடலுக்கு ஒரு கோப்பு, நகர்த்துறது சுளுவு.

நம்ம ஆளுங்களுக்கு ஒரு விஷயம். தமிழ் மடல்கள் பெரும்பாலும் பேஸ்64 குறியாக்கத்துலதான் வரும். கோப்புல நேரடியா கிரெப் அடிச்சா தமிழ்ச் சொல் சிக்காது. மட் அமைப்புல தரோ சர்ச்னு ஒண்ணு இருக்கு. அது ஆன்ல இருந்தா குறியாக்கத்தைப் பிரிச்சுட்டுத் தேடும்.

இவ்ளோ மெனக்கெடல் எதுக்குன்னா, தாத்தாவுக்காக. தபால் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவர். வாட்ஸப் பக்கமே வரமாட்டார். மெயிலையும் கடுதாசி மாதிரி 'அன்புள்ள பேராண்டிக்கு'ன்னுதான் ஆரம்பிப்பார். தலைப்பு மட்டும் போடவே மாட்டார். அவர் முகவரிக்கு ஒரு சேவ் ஹுக் எழுதினேன். எஸ் தட்டி என்டர் அடிச்சா 'தாத்தா' ஃபோல்டருக்குப் போயிடும். மாசப் பெருக்கல்லயும் அவர் மடலுக்கு விலக்கு.

2021-ல் தாத்தா போயிட்டார். ரொம்ப நாள் யாரும் திறக்கலைன்னு அவரோட இலவச மெயில் கணக்கை மூடிட்டாங்க. அவர் பக்கம் ஒண்ணும் மிச்சமில்ல. என் பக்கம் 212 மடல், 212 கோப்பு.

போன மாசம் அம்மா கேட்டாங்க: "குலதெய்வம் கோயிலுக்கு எந்த ஸ்டாப்புல இறங்கணும்னு தாத்தா உனக்கு எழுதினாராமே, இருக்காடா?"

'கோயில்'னு தேடினேன். வந்துடுச்சு. எந்த ஸ்டாப்பு, எந்த டீக்கடைக்கு எதிர்ல திரும்பணும், பூசாரி வீடு எதுன்னு எல்லாம். அம்மா ரெண்டு தடவை படிக்கச் சொன்னாங்க.

டிஸ்கி: ஒதுக்கி வைக்கிறது வேற, காப்புப் பிரதி வேற மக்கா. அந்த ஃபோல்டரை வெளி ஹார்ட் டிஸ்க்லயும் ஒண்ணு போட்டு வைங்க.