மறுபடியும் ஸ்கேன் எதற்கு?

பக்கவாதம் வந்தவர் மறுநாளே பேசிவிட்டால் ஆபத்து நீங்கிற்று என்று நம் வீடுகளில் எண்ணுகிறோம். குழாய் அடைபட்டு இரத்தமின்றித் தவிக்கும் மூளைப் பகுதியோ மணிக்கணக்கில் மெல்ல மெல்லச் சாகிறது, புண் வளர்கிறது. அதன்மேல் வீக்கம். அது பெரும்பாலும் 2ஆம் நாளுக்கும் 5ஆம் நாளுக்கும் இடையில் உச்சமடையும். மண்டையோடு விரிந்துகொடுக்காது, வீங்கிய பாதி மறுபாதியை நெருக்கும்.

எங்கள் அத்தாவை ஆரணிக்கு அழைத்துப்போய் துஆ செய்வோம் என்றனர் உறவினர். இரண்டாவது ஸ்கேன் செலவுக்கு வழியோ என்றும் முணுமுணுத்தனர். மருந்து தேடும்படி சொன்னவர்கள் நபி (ஸல்) அவர்களே. துஆவை வேலூரிலிருந்தும் கேட்கலாமே என்று தங்கினோம்.

மருத்துவர் படத்தைக் காட்டினார். புண்ணின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 2ஆல் வகுத்தால் தோராயமான கன அளவு கிடைக்குமாம். மூளையின் நடுக்கோடு எத்தனை மில்லிமீட்டர் விலகியது என்பதையும் அளந்தார். பட்டுநூலை கிராம் கணக்கில் நிறுத்தே பழகிய எங்களுக்கு அது சட்டென விளங்கிற்று. பெரும் வீக்கமெனில் ஓட்டின் ஒரு பகுதியை அகற்றி இடங்கொடுப்பார்கள். 60 வயதுக்குட்பட்டோருக்கு அதை 48 மணி நேரத்துக்குள் செய்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு கூடும்.

அத்தாவுக்கு விலகல் 3 மில்லிமீட்டரோடு நின்றது. 7ஆம் நாள் ஊர் திரும்பினோம். இடக்கை இன்னும் தேறவில்லை. கடையில் அமர்ந்து கணக்கு மட்டும் பார்க்கிறார்.