கயிறும் பசையும்

திருவண்ணாமலைக்கு வந்து சேரும் சாலைகள் பல. செங்கம் வழியே பெங்களூர்க்காரர்களும், திண்டிவனம் வழியே சென்னைவாசிகளும், போளூர் வழியே வேலூரையும் அதற்கப்பால் ஆந்திர தேசத்தையும் சேர்ந்தவர்களும் பௌர்ணமிதோறும் வந்து குவிகிறார்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைக் காலால் நடந்து தீர்க்க வரும் இந்த யாத்ரீகர்களில் பெரும்பாலோர் ஊர் எல்லைவரை காரிலேயே வருகிறார்கள். அவர்கள் வருகிற அதே சாலைகளில்தான் ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகளும், மேலே போர்த்திய தார்ப்பாய் காற்றில் படபடக்க, ஓடிக்கொண்டிருக்கின்றன. லாரியிலிருந்து சிதறும் ஒரு சிறு கல், பின்னால் வருகிற காரின் முன் கண்ணாடியில் மிளகளவு வடு ஒன்றைப் பதித்துவிட்டுப் போய்விடுகிறது. வண்டிக்காரர் அதைப் பெரிதாக எண்ணாமல் தரிசனத்துக்குப் போய்விட்டு, உச்சி வெயிலில் காய்ந்த வண்டியில் திரும்பி ஏறிக் குளிர்சாதனத்தை முழு வேகத்தில் திருகியதும், வெளிப்புறம் கொதிக்க உட்புறம் குளிர, விரிவும் சுருக்கமும் ஒத்துவராத அந்தக் கண்ணாடியில் வடுவிலிருந்து ஒரு கோடு புறப்பட்டு ஓரம்வரை ஓடுகிறது. இந்த ஊரில் கண்ணாடி மாட்டுகிறவர்களின் ஜீவனத்தில் ஒரு பகுதி இவ்வாறுதான் நடக்கிறது.

எதையும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்ற தைரியம் இக்காலத்தில் படித்தவர்களிடையே பரவி வருகிறது. கண்ணாடியும் பசைக் குழாயும் அதைப் பிதுக்கும் கருவியும் வீட்டு வாசலுக்கே வந்து இறங்குகின்றன. முன் கண்ணாடியை ஒருவர் நிபுணர் துணையின்றித் தாமே மாற்றிக்கொள்ளலாமா, கூடாதா என்ற கேள்வி நண்பர்கள் கூடிய ஓரிடத்தில் எழுந்து, வாதமாக வளர்ந்து, முடிவின்றிக் கலைந்தது. தொழிலைக் கண்ணால் பாராமல் செய்யும் வாதம் வீண் என்று கருதி, ஊருக்கு வெளியே புறவழிச் சாலையோரம் தகரக் கூரையின் கீழ் நடந்துவரும் ஒரு பட்டறைக்குச் சென்றேன். அறுபது வயதை நெருங்கும் அதன் மேஸ்திரி, சென்னைப் புதுப்பேட்டையில் பையனாகச் சேர்ந்து தொழில் கற்றவர். நான் வந்த காரியத்தைச் சொன்னதும், "தாராளமா பாருங்க சார், கையை மட்டும் வைக்காதீங்க" என்று ஒரு முக்காலியைத் தள்ளிவைத்தார்.

அப்போது அங்கே நடந்துகொண்டிருந்தது பழைய முறை வேலை. பள்ளிக் குழந்தைகளை ஏற்றும் வேன் ஒன்று. அதன் கண்ணாடி ரப்பர் பீடிங்கில் நிற்கிற ஜாதி. கண்ணாடியின் விளிம்பு முழுதும் ரப்பரை அணிவித்து, அந்த ரப்பரின் மற்றொரு பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றிலும் பொதித்து, அதன் இரு நுனிகளும் அடிப்பக்கத்து நடுவில் ஒன்றையொன்று தாண்டித் தொங்கும்படி விட்டு, எல்லாவற்றின்மேலும் சோப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, சட்டத்தின்மேல் கண்ணாடியைச் சாய்த்தார்கள். மேஸ்திரி வெளியே நின்று உள்ளங்கையால் அமுக்க, உதவியாளன் உள்ளே அமர்ந்து கயிற்றின் நுனியைச் சாவகாசமாக இழுத்தான். கயிறு கழன்று வர வர, ரப்பரின் உதடு தகரத்தின் விளிம்பைத் தாண்டி உள்ளே மடிந்து உட்கார்ந்தது. இழுப்பவன் அவசரப்பட்டால் ரப்பர் கிழியும்; அமுக்குபவர் பலத்தை ஒரே இடத்தில் செலுத்தினால் கண்ணாடி விரியும். இருவருக்கும் வாய்ப்பேச்சு அவசியமிருக்கவில்லை. மேஸ்திரியின் கை எங்கே நகர்கிறதோ அதற்கு நேரே கயிறு வந்துகொண்டிருந்தது. முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரை மேலிருந்து ஊற்றி, உள்ளே விரலால் தடவிப் பார்த்தார்கள். ஒரு சொட்டும் இறங்கவில்லை.

"இதை வீட்டில் செய்யலாமா?" என்று கேட்டேன்.

"ரெண்டு ஆளு, பொறுமை, கயிறு. இருந்தா செய்யலாம் சார். அம்பாசடர்காரங்க எத்தனையோ பேரு அவங்களே மாட்டியிருக்காங்க" என்றார்.

2014-இல் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டியின் பெயரைக் கேட்டதும் பேச்சு பழங்காலத்துக்குத் திரும்பியது. அந்நாளைய பல வண்டிகளில் முன்புறத்திலும், இப்போது பக்கக் கதவுகளில் இருப்பதைப் போன்ற, சூடாக்கித் திடீரெனக் குளிர்வித்து உறுதியேற்றிய ஒற்றைக் கண்ணாடியே இருந்தது. அது உடைந்தால் கூர்மையற்ற சிறு துண்டுகளாக நொறுங்கும் என்பது அதன் நற்குணம். கல் பட்ட க்ஷணத்தில் முழுதும் வெளுத்து, ஓட்டுகிறவருக்கு எதிரிலுள்ள சாலையே மறைந்துபோகும் என்பது அதன் துர்க்குணம். இன்றைய முன் கண்ணாடியோ இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே 0.76 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து அழுத்திய லேமினேட் கண்ணாடி; விரிசல் விட்டாலும் சிதறாது, பார்வையையும் முற்றிலும் மறைக்காது. எதுவார் பெனெதிக்துஸ் என்ற பிரெஞ்சு ரசாயன அறிஞரின் சோதனைச் சாலையில் 1903-இல் கீழே விழுந்த ஒரு குடுவை, உள்ளே உலர்ந்து ஒட்டியிருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலத்தால் சிதறாமல் நின்றதைக் கண்டு அவர் வகுத்த உபாயத்தின் பரம்பரையில் வந்தது இது. 1909-இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் காலத்துப் படலம் வெயிலில் மஞ்சளித்துப் போயிற்று என்பதும், பிற்பாடு வந்த வேறொரு படலமே அந்தக் குறையைத் தீர்த்தது என்பதும் அந்தச் சரித்திரத்தின் பிற்பகுதி.

பிற்பகலில் புதிய மாதிரிக் கார் ஒன்றின் வேலை தொடங்கியது. இங்கே கயிறுமில்லை, ரப்பருமில்லை. கண்ணாடி பாலியுரித்தேன் பசையால் வண்டியின் சட்டத்தோடு ஒட்டப்பட்டிருக்கிறது. வைப்பரையும் அதன் அடியிலுள்ள மூடியையும் கழற்றிவிட்டு, முறுக்கிய மெல்லிய எஃகுக் கம்பியைப் பசைக்குள் துளைத்துச் செலுத்தி, உள்ளே ஒருவரும் வெளியே ஒருவருமாக, ரம்பம் இழுப்பதுபோல் மாறி மாறி இழுத்து அறுத்தார்கள். கண்ணாடி பெயர்ந்ததும் சட்டத்தில் பழைய பசை கறுப்பாக நின்றது. அதை முழுவதும் சுரண்டி எடுத்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். மேஸ்திரி கத்தியைப் படுக்கவைத்துச் சீவி, ஓரிரண்டு மில்லிமீட்டர் கனத்தை வேண்டுமென்றே விட்டுவைத்தார். புதிய பசை எதன்மேலும் பிடிப்பதைவிட, அப்போதே அறுத்த பழைய பசையின்மேல்தான் உறுதியாகப் பிடிக்குமாம். கத்தி பட்டுத் தகரம் தெரிந்த ஓரிடத்தில் பிரைமர் பூசினார். அதை விட்டுவிட்டால் துரு அங்கே பிறந்து பசையின் அடியிலேயே பரவும் என்றார். புதுக் கண்ணாடியின் ஓரத்தைச் சுற்றியுள்ள கறுப்புப் பட்டையை அழகுக்கென்றே நான் இதுகாறும் எண்ணியிருந்தேன். சூரியனின் புறஊதாக் கதிர் பசையைத் தின்றுவிடாதபடி காக்கும் கவசம் அது. அந்தப் பட்டையைத் துடைத்த பின் விரல் நுனியும் அதில் படவில்லை. பிரைமர் உலரும்வரை காத்திருந்து, குழாயின் வாயை முக்கோணமாக வெட்டி, எங்கும் அறுபடாத ஒரே வரம்பாகப் பசையை இட்டு, உறிஞ்சிப் பிடிக்கும் கப்புகளால் கண்ணாடியைத் தூக்கி ஒரே தடவையில் அதன் இடத்தில் இறக்கினார்கள். பார்ப்பதற்கு இது கயிற்று வேலையைவிடச் சுலபமாகவே தோன்றியது.

அந்தச் சுலபத்தின் சூட்சுமம் சற்று நேரத்தில் வந்த மற்றொரு காரால் விளங்கியது. அதை ஓட்டிவந்த இளைஞன் முன் கண்ணாடியைத் தன் வீட்டு வாசலில் தானே மாற்றியவன். மழையில் ஓரமாகத் தண்ணீர் இறங்கிக் காலடி விரிப்பு நாறுகிறது என்பது அவனுடைய முறையீடு. மேஸ்திரி மூலையில் கத்தியை நுழைத்து நெம்பினார். பசை ஒரு நாடாவைப்போலக் கையோடு உரிந்து வந்தது. ஜன்னல் சட்டத்துக்கும் மீன் தொட்டிக்கும் இடுகிற சிலிகான் அது.

"இது ஒட்டலை தம்பி. சும்மா சாஞ்சிக்கினு இருந்திருக்கு" என்றார்.

"ஆறு மாசம் நல்லாத்தானே இருந்துச்சுண்ணே?" என்றான் அவன்.

"மழை வரலியே!"

பின்னர் என் பக்கம் திரும்பி அவர் விளக்கியவற்றின் சாரம் இது. இந்த வகை வண்டிகளில் முன் கண்ணாடி காற்றைத் தடுக்கும் திரை மாத்திரமன்று; வண்டி குப்புறக் கவிழும்போது கூரை நசுங்காமல் தாங்குவதில் அதற்கும் பங்குண்டு. முன் இருக்கையில் ஓட்டுநருக்கு அருகே அமர்ந்தவருக்காக விரியும் ஏர்பேக், விரிகிற வேகத்தில் பெரும்பாலும் கண்ணாடியின்மேல் மோதி, அதையே முட்டாகக் கொண்டு ஆளின் பக்கம் திரும்புகிறது. ஓட்டுநருக்கு 2019 ஜூலை முதலும், அருகிலிருப்பவருக்குப் புதிய மாடல்களில் 2021 ஏப்ரல் முதலும் அந்தப் பை நம் நாட்டில் கட்டாயமாகிவிட்டது. கண்ணாடி பிடிமானமின்றிக் கழன்று பறந்தால், சட்டம் கொடுத்த பாதுகாப்பும் அதனோடு பறந்துவிடும். அவ்விளைஞனின் வண்டி ஒழுகியது அவனுடைய பாக்கியம் என்றே சொல்ல வேண்டும். ஒழுகாமல் இருந்திருந்தால் அந்தக் கண்ணாடியை நம்பி அவன் ஆண்டுக்கணக்கில் குடும்பத்தோடு பிரயாணம் செய்திருப்பான். "ரப்பர் கிளாஸ்ல தப்பு பண்ணா மழை சொல்லிடும் சார். இதுல மழைகூடச் சில நேரம் சொல்லாது" என்றார் மேஸ்திரி. சிலிகானின் மிச்சம் இருக்குமிடத்தில் புதுப் பசை பிடிக்காது என்பதால், அன்று மாலை முழுதும் அதைத் துடைத்தெடுப்பதிலேயே கழிந்தது. கூலியும் அதற்கேற்ப ஏறியது.

ஒட்டிய பிறகும் வேலை முடிவதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உட்கொண்டு மேலிருந்து உள்நோக்கி இறுகும் சுபாவமுடையது இந்தப் பசை. ஒரு நாள் முழுதும் போனாலும் சில மில்லிமீட்டர் ஆழந்தான் இறுகும். வண்டியை நகர்த்துவதற்கே சில மணி நேரம் பொறுக்க வேண்டும். கதவை அறைந்து சாத்தினால் உள்ளே அடைபட்ட காற்று கண்ணாடியை வெளியே தள்ளிவிடுமாதலால், பக்கக் கண்ணாடியைச் சிறிது இறக்கியே வைக்கச் சொல்கிறார்கள். சித்திரை மாதத்து வறண்ட வெயிலில் பசை இறுகத் தாமதிக்கிறது. ஊர் ஜனக் கடலாகிற கார்த்திகையிலோ மழைச் சாரலில் கண்ணாடியின் விளிம்பு உலர மறுக்கிறது. உடனே புறப்பட வேண்டுமென்று துடித்த பெங்களூர்க்காரர் ஒருவரிடம் மேஸ்திரி சாவியைத் தர மறுத்து, "மலையைச் சுத்திட்டு வாங்க சார், அதுக்குள்ள ஆயிடும்" என்றார். நடந்து கிரிவலம் வர நான்கு மணி நேரம் ஆகுமென்றால் அந்தப் பசைக்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரந்தான். உபசாரம்போல் தொனித்த அந்த வார்த்தை ஒரு கணக்கு. புதுக் கண்ணாடிக்கு விபூதிப் பட்டையிட விரும்புகிறவர்களிடமும், நடுவில் இட்டுக்கொள்ளுங்கள், ஓரத்தில் மறுநாள்வரை கை வைக்காதீர்கள் என்றே சொல்லியனுப்புகிறார்.

ஆகையால் நண்பர்களின் வாதத்துக்கு நான் கண்ட தீர்ப்பு இது. வடு சிறியதாயிருக்கையில் தூசியும் தண்ணீரும் புகாமல் ஒரு தெளிந்த டேப்பை அதன்மேல் ஒட்டிவிட்டு, ரெசின் இட்டு நிரப்புகிறவரிடம் தாமதமின்றிப் போவது யாவராலும் ஆகக்கூடியது. ரப்பரில் நிற்கும் கண்ணாடியைத் துணையாள் ஒருவரோடு தாமே மாட்டிப் பார்க்கலாம். ஒரு வாளித் தண்ணீர் அதற்குப் பரீட்சை. பசையில் நிற்கும் கண்ணாடியை வீட்டில் மாற்றலாகாது. அதற்குக் கைத்திறன் போதாது என்பது காரணமன்று. அந்த இளைஞனின் கண்ணாடி கோணலில்லாமல் நேர்த்தியாகவே உட்கார்ந்திருந்தது. தான் செய்த வேலை சரியா, பிழையா என்று பிரத்தியட்சமாகச் சோதிக்க வழியில்லாத காரியத்தில், வரிசையை மீறாமல் செய்து பழகிய பழக்கம் ஒன்றே சோதனைக்குப் பதிலாக நிற்கிறது. அந்தப் பழக்கத்தைப் பார்சலில் வரவழைக்க இயலாது. பட்டறைச் சீட்டில் கண்ணாடியின் விலை பெரிய எழுத்திலும் மாட்டும் கூலி சிறிய எழுத்திலும் காண்கின்றன. வாடிக்கையாளர்கள் பேரம் பேசுவது அந்தச் சிறிய வரியில்தான். கண்ணாடி எந்தக் கடையிலும் கிடைக்கும் சரக்கு. பேரம் பேசியே தீரவேண்டுமென்றால் அதை அந்தப் பெரிய வரியில் வைத்துக்கொள்வதே நியாயம்.