நெடும் பிரயாணமும் நம் உடையும்

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆண்டில் ஒரு முறையேனும் ஊர்ப் பிரயாணம் என்பது தவிர்க்க முடியாத கடமை. கலியாணம், காதுகுத்து, கருமாதி, குலதெய்வ வழிபாடு என்று ஏதேனும் ஒன்று நம்மை அழைத்துக்கொண்டே இருக்கும். டிக்கெட்டைப் பற்றியும், கட்டுச் சாதத்தைப் பற்றியும், உற்றாருக்கு வாங்கிச் செல்ல வேண்டிய சாமான்களைப் பற்றியும் பத்து நாள் யோசிக்கிற நாம், வண்டியில் எதை உடுத்துக்கொண்டு போவது என்பதை மட்டும் புறப்படும் வேளை வரையில் எண்ணிப் பார்ப்பதில்லை. இரண்டு இரவும் ஒரு பகலும் முன்பின் அறியாதார் நடுவே உண்டு, உறங்கி, எழுந்திருக்க வேண்டிய இடத்தில் உடை சிறிய விஷயமன்று. அது உடம்பின் சௌகரியத்தைச் சேர்ந்தது. ஓரளவு மானத்தையும் சேர்ந்தது.

தில்லியிலிருந்து சென்னைக்கு இருப்புப் பாதை வழியாக ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் 1929-இல் பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே ஓடத் தொடங்கிய பழைய வண்டி. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் 1976-இல் வந்தது. எதில் ஏறினாலும் ஒரே பிரயாணத்தில் இரண்டு பருவங்களைக் கடக்கிறோம். ஜனவரி மாதத்து இரவில் தில்லியில் 7 டிகிரி அளவில் குளிர் இருக்கும். அதே நாளில் சென்னையில் விடியற்காலையிலும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். மே மாதத்திலோ நாகபுரியில் 45 டிகிரி வெயில் காய்வது புதிதன்று. ஆகவே ஒரே உடையில் இரு முனைகளையும் சமாளிக்க நினைப்பவர் ஒரு முனையில் நடுங்குவார், அல்லது மறு முனையில் வேர்த்து வழிவார். அடுக்கடுக்காக உடுத்து, வழியில் ஒவ்வொன்றாகக் களைந்துகொண்டே போவதுதான் விவேகம். எங்கள் கணக்கில், ஸ்வெட்டரை நாகபுரியிலும் காலுறையை பல்லார்ஷாவிலும் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடலாம்.

இந்தப் பாதையில் ஜன்னலோரம் அமர்ந்து ஊர்களைப் பார்ப்பதைப் போலவே உடைகளைப் பார்ப்பதும் ஒரு கல்வி. ஆக்ராவைத் தாண்டி, தோல்பூருக்கு அப்பால் சம்பல் நதியின் மண் பள்ளத்தாக்குகள் தென்படும். அங்கிருந்து குவாலியர், ஜான்ஸி வரையில் கிராமத்துப் பெண்கள் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு மேடையில் குந்தியிருப்பார்கள். முதியவர்கள் வேட்டியைப் பின்னால் கச்சம் வைத்துக் கட்டித் தலையில் துண்டைச் சுற்றியிருப்பார்கள். இட்டார்ஸிக்குச் சற்று முன்னே நர்மதையைக் கடந்து, ஸத்புரா மலைகளில் ஏறி இறங்கினால் விதர்ப்ப நாடு. வெள்ளைத் தொப்பி அணிந்த கிழவர்களும், ஒன்பது கஜப் புடவையைப் பின்கொசுவம் செருகிக் கட்டிய கிழவிகளும் அங்கே இன்னும் அருகிவிடவில்லை. பல்லார்ஷாவுக்கு அப்பால் தெலுங்கு நாடு. கோதாவரியைத் தாண்டினால் லுங்கியும் பஞ்சையும் சகஜமாகிவிடும். விஜயவாடாவில் கிருஷ்ணையையும் நெல்லூரில் பெண்ணையையும் கடந்து கூடூர் வந்துவிட்டால், நம் வேட்டியை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

திரும்பிப் பார்ப்பதெல்லாம் வடக்கே தான். சென்ற டிசம்பர் விடுமுறையில் நாங்கள் குடும்பத்துடன் ஊருக்குப் போனபோது, ஆக்ரா கழிந்ததும் கால்சட்டையைக் களைந்து வேட்டிக்கு மாறினோம். குவாலியரில் ஏறிய இளைஞர் மூவர் அதைப் பார்த்து, "லுங்கி, லுங்கி" என்று தங்களுக்குள் சொல்லிச் சிரித்தார்கள். உள்ளுக்குள் சுருக்கென்றது. ஆயினும் எங்களை அதிகமாக வருத்தியது அந்தச் சிரிப்பன்று. தில்லியிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் பன்னிரண்டு வயதுப் பையன் அருகே வந்து, தாழ்ந்த குரலில், "அப்பா, பேண்ட்டையே போட்டுக்கொள்ளுங்களேன்" என்றான். அவன் முகம் சிவந்திருந்தது. நாங்கள் பதில் சொல்லவில்லை. வேட்டியை மாற்றவும் இல்லை. அவன் மேல் பலகையில் ஏறி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அன்றிரவு உறக்கம் வராமல் இதைப் பற்றி யோசித்துப் பார்த்தோம். வடநாட்டாருக்கு வேட்டி புதிதன்று. அவர்களுடைய பாட்டனார்களும் வேட்டி கட்டியவர்களே. ஆனால் அவர்களுடைய வேட்டி கால்களுக்கிடையே வாங்கிப் பின்னால் செருகப்படுவது. செருகாமல் இடுப்பைச் சுற்றி விடப்பட்ட துணி அவர்கள் கண்ணுக்கு வீட்டுக்குள் உடுத்தும் லுங்கியாகவே தோன்றுகிறது. அதையும் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு நாம் நடைவழியில் நின்றால், படுக்கையறை உடையில் ஒருவர் வீதிக்கு வந்துவிட்டதைப் போல அவர்கள் நினைக்கிறார்கள். நம் ஊரிலேயே பெரியவர்கள் எதிரே வரும்போது மடித்துக் கட்டியதை அவிழ்த்து விடுகிறோம் அல்லவா? அந்த மரியாதையை வண்டியிலும் கைக்கொண்டால் பாதிச் சிரிப்பு அடங்கிவிடும். மீதிப் பாதி சிரிப்பவருடைய அறியாமை. அதற்கு நாம் பொறுப்பல்ல.

நாமும் இந்தக் குற்றத்துக்கு அப்பாற்பட்டவர்கள் அல்லர். கல்லூரிப் பெண் ஒருத்தி இரவு உடையோடு வண்டியில் ஏறினால் நம்மவர்களே முகத்தைச் சுளிக்கிறார்கள். முகம் மறைத்த பெண்ணைக் கண்டு பரிதாபப்படுகிறார்கள். பிறர் உடையைப் பார்த்து அவர்களை எடை போடுகிற தராசு எல்லாருடைய கையிலும் இருக்கிறது.

மறுநாள் நாகபுரி. பாதையின் நடுவிடம் என்று சொல்லத் தக்க ஊர் அது. இரு தலைநகருக்கும் ஏறக்குறைய ஒரே தூரம். எங்களோடு வந்த அத்தைக்கு எழுபது வயது கடந்துவிட்டது. இன்றும் பதினெட்டு முழப் புடவைதான் உடுத்துவார்கள். தில்லியில் ஏறியது முதல் அவர்களையும் சிலர் வேடிக்கை பார்த்தபடியே இருந்தார்கள். நாகபுரியில் ஆரஞ்சுக் கூடையோடு ஒரு மராட்டியக் கிழவி ஏறி எதிரில் அமர்ந்தாள். அவளும் ஒன்பது கஜக்காரி. இருவரும் சிறிது நேரம் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அந்த அம்மாள் கையை நீட்டி, அத்தையின் புடவைக் கரையைத் தொட்டு ஏதோ கேட்டாள். அத்தைக்கு ஹிந்தியும் தெரியாது, மராட்டியும் தெரியாது.

"ராஜா, இங்கே வாடா. இவர்கள் என்ன கேட்கிறார்கள்?" என்று பையனை அழைத்தார்கள்.

அவன் தயங்கித் தயங்கிக் கீழே இறங்கி வந்தான். எங்களைக் காட்டிலும் அவனுக்கு ஹிந்தி நன்றாக வரும். "எத்தனை கஜம் என்று கேட்கிறார்கள், பாட்டி. கொசுவத்தை எந்தப் பக்கம் செருகுவீர்கள் என்றும் கேட்கிறார்கள்" என்றான்.

அப்புறம் அரைமணி நேரம் அவனுக்கு ஓய்வில்லை. பருத்தியா, பட்டா, எந்த ஊர்த் தறி, இதைக் கட்டிக்கொண்டு வயல் வேலை செய்ய முடியுமா, மருமகள்கள் கட்டுகிறார்களா? இரு தரப்பிலும் மருமகள்கள் கட்டுவதில்லை என்று தெரிந்ததும் இரண்டு கிழவிகளும் ஒரே மாதிரியாகத் தலையை அசைத்துச் சிரித்தார்கள். அந்த அம்மாள் இறங்கும்போது மொழிபெயர்த்த கூலியாகப் பையன் கையில் நான்கு ஆரஞ்சுப் பழங்களைத் திணித்துவிட்டுப் போனாள். குவாலியர் சமாசாரத்தை அவனும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை.

இனிப் பிரயாணம் செய்யும் அன்பர்களுக்குச் சில யோசனைகள் சொல்லுகிறோம்.

வேட்டி கட்டுவோர் உள்ளே பையுள்ள அரைக்கால் சட்டை அணிந்துகொள்வது உத்தமம். பணமும் டிக்கெட்டும் அதில் பத்திரமாக இருக்கும். மேல் பலகைக்கு ஏறும்போது கூச்சமும் இராது. அகலக் கரை வேட்டியைக் கலியாணத்துக்கு வைத்துக்கொண்டு, வண்டிக்கு நான்கு முழமே கட்டலாம். ஒட்டுப் பட்டையும் பையும் தைத்த வேட்டிகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. பிள்ளைகளுக்கு அவை ஏற்றவை. வேட்டியோ புடவையோ, தொங்கும் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ளாமல் ஏணிப்படியில் கால் வைக்கக் கூடாது. நகரும் வண்டியில் ஏறுவதும் இறங்குவதும் எந்த உடையிலும் ஆபத்து. தளர்ந்த உடையில் பேராபத்து.

நடுப் பலகையை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையில்தான் விரிக்கலாம் என்பது விதி. ஆகவே உடை மாற்றுவதைப் பத்து மணிக்கு முன்பே முடித்துவிட்டால் பிறர் உறக்கத்தைக் கெடுக்க வேண்டியதில்லை. மாற்றுடையை ஒரு சிறு துணிப் பையில் தனியே வைத்துக்கொண்டால், குளியலறைக் கொக்கியில் மாட்டி, ஈரத் தரையில் படாமல் மாற்றிக்கொள்ளலாம். பெண்கள் பட்டும் நகையும் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு அணிவதே நன்று. ஏ.ஸி. பெட்டியில் விரிப்பும் கம்பளியும் தருகிறார்கள். 2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில் நிறுத்தப்பட்ட இந்த வசதி 2022 மார்ச் முதல் மீண்டும் வந்துவிட்டது. ஸ்லீப்பர் வகுப்புக்கு அது இல்லை; நம் போர்வைதான் துணை. டிசம்பர், ஜனவரி மாதங்களில் மூடுபனியால் வண்டிகள் பல மணி தாமதமாவதுண்டு. குழந்தைகளுக்கு ஒரு மாற்று உடை கூடுதலாக வைத்திருப்பது அவசியம்.

ஆகாய விமானத்தில் போவோருக்கும் இதே நியாயம்தான். சென்னைக்குச் செல்லும் மூன்று மணிக்குள் எந்த உடையும் பொறுக்கும். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா செல்லும் பெற்றோர்கள் பதினைந்து மணி நேரம் உட்கார்ந்தே இருக்க நேரிடும். உள்ளே காற்று வறண்டது, குளிரும் உண்டு, கால்கள் வீங்கும். இறுக்கமான கால்சட்டையையும் புதுச் செருப்பையும் அன்று தவிர்க்க வேண்டும். அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும். இரத்தம் உறையும் நோய் முன்பு வந்தவர்கள் வைத்தியரைக் கேட்டு அதற்கென்றுள்ள இறுக்கக் காலுறையை அணிவது நல்லது. மகன் வற்புறுத்தினான் என்பதற்காக, வாழ்நாளில் பழகாத உடையை அன்றைக்கென்று மாட்டிக்கொண்டு அவதிப்படத் தேவையில்லை. பழகிய புடவையும் வேட்டியும் நீண்ட அமர்வுக்குத் தளர்ச்சியான நல்ல உடைகளே.

"நாலு பேர் என்ன நினைப்பார்கள்?" என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்திகளை நினைவூட்டுகிறோம். 1921 செப்டம்பரில் காந்தியடிகள் சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் போகையில், உடன் வந்த பிரயாணிகளிடம் கதரைப் பற்றிப் பேசினார். கதர் வாங்க எங்களுக்கு வசதியில்லை என்று அவர்கள் சொன்னது அவர் மனத்தைத் தைத்தது. மதுரையில் அவர் அரையாடைக்கு மாறினார். 1931-இல் இங்கிலாந்து மன்னரின் அரண்மனைக்கும் அந்த உடையிலேயே போனார். இரண்டாவது செய்தி நம் ஊரைப் பற்றியது. 2014-இல் சென்னையிலேயே ஒரு கிளப்பில், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு உள்ளே செல்ல அனுமதி மறுக்கப்பட்டது. அவ்வாண்டே அத்தகைய தடைகளை நீக்கத் தமிழக சட்டமன்றம் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. குவாலியர் இளைஞர்களை மட்டும் நொந்து என்ன பயன்?

சென்னை சென்டிரலில் இறங்கிப் பாருங்கள். வரவேற்க வந்தவர்களில் பெரும்பாலோர் பேண்ட் அணிந்திருப்பார்கள். வேட்டியோடு இறங்குகிறவர்கள் வடக்கேயிருந்து வருகிற நாமாகத்தான் இருப்போம்! வெயிலுக்கும் குளிருக்கும் தக்கபடி எதை வேண்டுமானாலும் உடுத்தலாம். பேண்ட்டும் நமக்கு அன்னியமன்று. பயத்தினால் ஓர் உடையைக் கைவிடுவது மட்டும் வேண்டாம். அடுத்த விடுமுறைக்கு மூட்டை கட்டும்போது, பையனுக்கு ஒரு நான்கு முழ வேட்டியும் எடுத்து வையுங்கள். அவிழாமல் கட்டுவது எப்படி என்று புறப்படுவதற்கு முன்பே வீட்டில் கற்றுக்கொடுங்கள். கட்டுவதும் கட்டாததும் பிறகு அவன் விருப்பம்.